500 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் சான் ஸ்விட்சுகளை எப்படிக் கண்காணிப்பது?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். அலுவலகம் கோயம்புத்தூரில். சென்னையில் ஒரு டேட்டா சென்டரில் வாடகை ரேக். அதில் இரண்டு ப்ரோகேட் ஃபைபர் சேனல் ஸ்விட்ச், ஒரு ஸ்டோரேஜ், பத்துப் பன்னிரண்டு சர்வர்கள். சர்வர்களையும் ஸ்டோரேஜையும் இந்த ஸ்விட்சுகள் வழியாக இணைக்கும் தனி நெட்வொர்க்தான் சான். எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள நீங்கள் ஒரே ஆள். போன மாதம் ஒரு ராத்திரி ஒரு ஸ்விட்சுக்கு பிங் (கருவி பதில் சொல்கிறதா என்று நெட்வொர்க்கில் கேட்டுப் பார்க்கும் சோதனை) போகவில்லை. அங்கிருந்த ஊழியரிடம் சொல்லி பவரை அணைத்துப் போட்டீர்கள். ஸ்விட்ச் எழுந்து வந்துவிட்டது, ஆனால் இரண்டு சர்வர்களில் டேட்டாபேஸ் விழுந்துவிட்டது. இனி இப்படி நடக்காமல் இருக்க எந்தக் கண்காணிப்பு சாஃப்ட்வேர் வாங்கலாம் என்று கேட்கிறீர்கள். சாஃப்ட்வேர் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் உண்மையில் கேட்பது, நேரில் போகாமல் அங்கே எது கெட்டிருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது, நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை நாமே நிறுத்திவிடாமல் எப்படி இருப்பது என்பதுதான். சான் வேலையிலேயே பல வருடங்களைக் கழித்தவன் என்ற முறையில் அதற்கு விரிவாகவே பதில் சொல்கிறேன்.

அன்று ராத்திரி நடந்ததிலிருந்தே ஆரம்பிக்கலாம். நீங்கள் பிங் செய்தது ஸ்விட்சின் மேனேஜ்மென்ட் போர்ட்டை. அது ஒரு சாதாரண ஈத்தர்நெட் போர்ட். அதற்குப் பின்னால் ஒரு சின்ன பிராசசரும் அதில் ஓடும் ஃபேப்ரிக் ஓஎஸ் என்ற ப்ரோகேடின் இயங்குதளமும் இருக்கின்றன. சர்வருக்கும் ஸ்டோரேஜுக்கும் நடுவே ஓடும் டேட்டா இந்தப் பக்கம் வருவதே இல்லை. அதை ஸ்விட்சுக்குள் இருக்கும் தனிச் சிப் நேரடியாகக் கடத்துகிறது. மேனேஜ்மென்ட் கேபிள் கழன்றாலும், அந்தக் கேபிள் போய்ச் சேரும் ஈத்தர்நெட் ஸ்விட்ச் செத்தாலும், யாராவது அதே ஐபியை வேறொரு கருவிக்குக் கொடுத்தாலும், உங்கள் விபிஎன் அறுந்தாலும் பிங் போகாது. டேட்டா மட்டும் எதுவும் நடக்காததுபோல ஓடிக்கொண்டே இருக்கும். பிங் போகவில்லை என்பதிலிருந்து உறுதியாகத் தெரிவது ஒன்றுதான்: நம்மால் ஸ்விட்சோடு பேச முடியவில்லை.

ஆகவே பிங் நின்றதும் அடுத்து கேட்க வேண்டியது ஸ்விட்சை அல்ல, அதன் இரண்டு பக்கத்திலும் இருப்பவர்களை. லினக்ஸ் சர்வர் ஒன்றில் நுழைந்து, ஸ்டோரேஜுக்குப் போகும் பாதைகளைக் காட்டும் 'மல்டிபாத்' கட்டளையை 'எல்எல்' ஆப்ஷனோடு ஓட்டிப் பாருங்கள். அந்த ஸ்விட்ச் வழியாகப் போகும் பாதைகள் ஆக்டிவ் என்று காட்டினால் ஸ்விட்ச் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. விஎம்வேர் என்றால் ஹோஸ்டின் ஸ்டோரேஜ் பாதைகளின் பட்டியலிலேயே தெரியும். அடுத்து ஸ்டோரேஜின் மேனேஜ்மென்ட் பக்கத்தைத் திறந்து, அந்த ஸ்விட்சில் செருகியிருக்கும் அதன் போர்ட்டுகள் ஆன்லைனா, அவற்றில் ஐஓ (படிப்பதும் எழுதுவதும்) நகர்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் சேர்ந்து ஐந்து நிமிட வேலை. இரண்டு பக்கமும் நன்றாக இருந்தால் பவரைத் தொடவே கூடாது. விடிந்த பிறகு நிதானமாக மேனேஜ்மென்ட் பக்கம் என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஒரு ஸ்விட்சை அணைத்ததற்கு அந்த இரண்டு சர்வர்கள் மட்டும் ஏன் விழுந்தன? நீங்கள் எழுதியதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் என் ஊகம் வலுவானது: அவற்றுக்கு இன்னொரு ஸ்விட்ச் வழியான பாதை முன்பே இல்லை. ஏதோ ஒரு நாள் ஒரு எஸ்எஃப்பி (போர்ட்டில் செருகும் ஒளி மாட்யூல்) செத்திருக்கும், அல்லது சர்வரை முதலில் இணைத்தபோதே ஒரு பக்கத்து ஜோனிங்கை (எந்தச் சர்வர் எந்த ஸ்டோரேஜைப் பார்க்கலாம் என்று ஸ்விட்சில் சொல்லும் அமைப்பை) முடிக்காமல் விட்டிருப்பார்கள். ஒரே காலில் நின்றுகொண்டிருந்தது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஒரு பாதை போதும், அப்ளிகேஷன் எந்தப் புகாரும் சொல்லாது. இன்னொரு வாய்ப்பும் உண்டு. இரண்டு பாதையும் இருந்து, மல்டிபாத் அமைப்பில் நேர அளவுகள் சரியில்லாமல் இருந்திருக்கலாம். முதல் ஊகத்தைச் சோதிப்பது எளிது. எல்லா சர்வர்களிலும் பாதைகளை எண்ணுங்கள். ஃபேப்ரிக் ஏ (முதல் ஸ்விட்ச் பக்கம்) வழியாக எத்தனை, பி (இரண்டாவது ஸ்விட்ச் பக்கம்) வழியாக எத்தனை என்று ஒரு தாளில் எழுதுங்கள். எண்ணிக்கை ஒத்துப்போகாத சர்வர் ஒவ்வொன்றும் அடுத்த விபத்து. தொலைவிலிருந்து கண்காணிப்பு என்றதும் எல்லோரும் ஸ்விட்சையே பார்க்கிறார்கள். நான் தினமும் பார்க்கச் சொல்லும் முதல் விஷயம் சர்வர்களில் இருக்கும் இந்தப் பாதை எண்ணிக்கைதான்.

இனி, ஸ்விட்சோடு பேசும் வழியை எப்படி அமைப்பது. மேனேஜ்மென்ட் போர்ட்டுகளைத் தனி வீலேனில் (பிரித்து வைத்த நெட்வொர்க் பகுதியில்) வையுங்கள். அலுவலகத்திலிருந்து விபிஎன், அதன்பின் ஒரு ஜம்ப் சர்வர், அதிலிருந்துதான் ஸ்விட்ச். வேறு எங்கிருந்தும் எஸ்எஸ்ஹெச் (மறைகுறியாக்கத்தோடு தொலைவிலிருந்து நுழையும் லாகின்) போகக்கூடாது. இன்டர்நெட்டிலிருந்து நேராக போர்ட் ஃபார்வர்ட் செய்வதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இது முதல் வழி. இதற்குத் துளியும் தொடர்பில்லாத இரண்டாவது வழி ஒன்று கட்டாயம் வேண்டும்: கன்சோல் சர்வர், அதாவது ஸ்விட்சின் சீரியல் போர்ட்டைத் தொலைவிலிருந்து திறந்து தரும் கருவி. ஸ்விட்சின் சீரியல் போர்ட்டில் ஒரு கேபிள், 9600 பாட், 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். மேனேஜ்மென்ட் ஐபி தப்பாகிப் போனாலும் இந்த வழியில் உள்ளே போய்விடலாம். கன்சோல் சர்வருக்கு 4ஜி சிம் போட்ட இணைப்பு இருந்தால் டேட்டா சென்டரின் இணையமே போனாலும் உங்களுக்கு ஒரு கதவு திறந்திருக்கும். சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்துபோய், தேவைப்பட்ட நாளில் அது உதவாமல் போன இடங்களைப் பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை அந்த வழியாக ஒரு தடவை நுழைந்து பாருங்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு நிறுவனத்தில் கண்காணிப்பு சர்வர், டிஎன்எஸ், ஸ்விட்சுக்கு லாகின் சரிபார்க்கும் ரேடியஸ் சர்வர் மூன்றும் விர்ச்சுவல் மெஷின்கள். மூன்றின் டிஸ்க்கும் அதே சான் ஸ்டோரேஜில். ஒரு நாள் ஸ்டோரேஜ் பக்கம் தகராறு வந்தபோது முதலில் உறைந்தது கண்காணிப்பு சர்வர். அதனால் ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. சரி, ஸ்விட்சுக்குள் போய்ப் பார்க்கலாம் என்றால் ரேடியஸ் பதில் சொல்லவில்லை. எதைப் பார்ப்பதற்காக வைத்தார்களோ, அதன் தோள்மீதே ஏறி உட்கார்ந்திருந்தது. உங்கள் அமைப்பில் இதை இன்றே சரிபாருங்கள். கண்காணிப்பு சர்வர் உள் டிஸ்க் உள்ள ஒரு பழைய மெஷினில் ஓடட்டும், முடிந்தால் கோயம்புத்தூர் அலுவலகத்திலேயே. ஸ்விட்சுகளில் ரேடியஸோ எல்டாப்போ வைத்திருந்தால், அது கிடைக்காதபோது ஸ்விட்சிலேயே உள்ள லோக்கல் கணக்கில் நுழையும்படி 'ஏஏஏகான்ஃபிக்' அமைப்பில் வரிசை கொடுத்து வையுங்கள். அந்தக் கணக்கின் பாஸ்வேர்ட் சான் ஸ்டோரேஜில் இருக்கும் ஃபைலில் இருக்கக்கூடாது.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாக. டெல்நெட், ஹெச்டிடிபி இரண்டையும் அடைத்துவிடுங்கள், எஸ்எஸ்ஹெச்சும் ஹெச்டிடிபிஎஸ்ஸும் போதும். எஸ்என்எம்பி (கருவிகளிடம் அவற்றின் எண்களைக் கேட்டு வாங்கும் நெறிமுறை) என்றால் பதிப்பு 3, அதுவும் மறைகுறியாக்கத்தோடு. பதிப்பு 1, 2சி இரண்டிலும் கம்யூனிட்டி பெயர் (பாஸ்வேர்ட் போன்றது) வெட்டவெளியாகப் போகிறது. ப்ரோகேடில் எந்த ஐபியிலிருந்து யார் நுழையலாம் என்று கட்டுப்படுத்த 'ஐபிஃபில்டர்' இருக்கிறது. அதை மாற்றும்போது மட்டும் நிதானம் தேவை. ஒரு விதி தப்பானாலும் நீங்களே வெளியே நின்றுவிடுவீர்கள். இருக்கும் பாலிசியை க்ளோன் செய்து, அதில் விதிகளைச் சேர்த்து, சேமித்து, ஆக்டிவேட் செய்யும் முன்பு கன்சோல் வழியாக ஒரு லாகின் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். ஈத்தர்நெட் பக்கத்து விதி சீரியல் வழியைத் தொடாது.

இப்போது எதைப் பார்ப்பது என்பதற்கு வரலாம். ஃபேன், பவர் சப்ளை, வெப்பநிலை, போர்ட் மேலா கீழா என்பவை எந்தக் கருவியும் காட்டும். அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பவர் சப்ளை உள்ள மாடல் என்றால் ஒன்று செத்தாலும் எச்சரிக்கை வரும்படி வையுங்கள், அது போதும். உயிர் இருப்பது போர்ட்டின் எண்களில்.

முதலில் எவ்வளவு டேட்டா ஓடுகிறது என்பது. எஸ்என்எம்பியில் பழைய 32 பிட் எண்ணிகளை எடுத்தால் வரைபடம் முழுக்கப் பொய் சொல்லும். 32 பிட் எண்ணி ஏறக்குறைய 429 கோடி வரை போய் மறுபடி பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். 16 ஜி போர்ட் ஒன்று முழு வேகத்தில் வினாடிக்குச் சுமார் 1600 எம்பி கடத்தும். அந்த வேகத்தில் மூன்று வினாடிக்குள் எண்ணி ஒரு சுற்று சுற்றிவிடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் நடுவே எத்தனை சுற்று போனது என்று யாருக்கும் தெரியாது. 64 பிட் எண்ணிகளைத்தான் எடுக்க வேண்டும். எஸ்என்எம்பி பதிப்பு 1-இல் அந்த வகை எண்ணியே கிடையாது என்பதால் 2சி அல்லது 3 தவிர வழியில்லை.

அடுத்து பிழைகள். எஸ்எஸ்ஹெச்சில் நுழைந்து 'போர்ட்எர்ஷோ' என்று அடித்தால் ஒரு போர்ட்டுக்கு ஒரு வரியாக நீளமான அட்டவணை வரும். அதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். ஒரு போர்ட்டில் சிஆர்சி பிழை (வழியில் டேட்டா சிதைந்ததைக் காட்டுவது) 4000 என்று இருந்தால் அது நேற்று வந்ததா, போன வருடம் யாரோ கேபிளைத் தொட்டபோது வந்ததா? அந்த எண்ணை மட்டும் பார்த்துச் சொல்லவே முடியாது. எண்ணி கடைசியாக அழிக்கப்பட்டதிலிருந்து சேர்ந்துகொண்டே வரும் கூட்டுத்தொகை அது. சர்வரை ரீபூட் செய்தாலோ கேபிளைக் கழற்றினாலோகூடச் சில எண்ணிகள் ஏறும். தெரிய வேண்டியது வித்தியாசம். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று எடுத்துக் கழித்துப் பாருங்கள். ஏறவில்லையென்றால் பழைய கதை, விட்டுவிடலாம். ஏறிக்கொண்டே இருந்தால் வேலை இருக்கிறது. எல்லாவற்றையும் 'ஸ்டேட்ஸ்க்ளியர்' போட்டு அழித்துவிட்டு ஆரம்பிப்பதும் ஒரு வழிதான், ஆனால் அழிப்பதற்கு முன் பழைய எண்களை ஒரு ஃபைலில் எடுத்து வையுங்கள். பின்னால் சப்போர்ட் ஆட்கள் அதைத்தான் கேட்பார்கள்.

அந்த அட்டவணையில் நான் முதலில் பார்க்கும் இரண்டு பத்திகள் 'சிஆர்சி எர்', அதன் பக்கத்தில் 'சிஆர்சி ஜி-இஓஎஃப்'. முதலாவது, சிதைந்த ஃபிரேம்கள் (டேட்டா பொட்டலங்கள்) எத்தனை வந்தன என்பது. இரண்டாவது, சிதைந்திருந்தும் வால் பகுதி நல்லதாக இருந்த ஃபிரேம்கள் எத்தனை என்பது. சிதைந்த ஃபிரேமை முதலில் கண்டுபிடிக்கும் ஸ்விட்ச், அதன் வாலில் 'இது செல்லாது' என்று குறிபோட்டு அடுத்த ஸ்விட்சுக்கு அனுப்பும். அடுத்த ஸ்விட்சில் முதல் எண்ணி மட்டும் ஏறும், இரண்டாவது ஏறாது. ஆக, இரண்டாவது எங்கே ஏறுகிறதோ அந்த இணைப்பில்தான் கோளாறு. உங்களிடம் ஒரு ஃபேப்ரிக்குக்கு ஒரு ஸ்விட்ச்தான் என்பதால் இப்போதைக்கு இரண்டும் சேர்ந்தே ஏறும். நாளைக்கு இன்னொரு ஸ்விட்சைச் சேர்த்து நடுவே ஐஎஸ்எல் (இரண்டு ஸ்விட்சுகளை இணைக்கும் இணைப்பு) போட்டால், தப்பான கேபிளை மாற்றும் வேலையை இந்த ஒரு பத்தி மிச்சப்படுத்தும்.

இன்னொரு விஷயம், ஸ்விட்ச் தனக்கு வந்து சேர்ந்ததில் உள்ள பிழைகளைத்தான் எண்ணும். தான் அனுப்பியது சர்வருக்குப் போகும் வழியில் சிதைந்தால் ஸ்விட்சில் எல்லாம் பூஜ்ஜியமாகவே இருக்கும். அதைச் சர்வரின் ஹெச்பிஏ-வில் (ஃபைபர் சேனல் கார்டில்) பார்க்க வேண்டும். லினக்ஸில் 'சிஸ்' டைரக்டரிக்குள் 'க்ளாஸ்', அதற்குள் 'எஃப்சி ஹோஸ்ட்' என்று போனால் ஒவ்வொரு ஹெச்பிஏ போர்ட்டுக்கும் புள்ளிவிவரங்கள் இருக்கும். எண்கள் பதினாறடிமானத்தில் (ஹெக்ஸாடெசிமலில்) இருக்கும், கவனியுங்கள். ஸ்விட்ச் சுத்தம், ஆனால் ஒரு சர்வர் மட்டும் மெதுவாக இருக்கிறது என்ற புகார்களில் பாதி இந்த எதிர்த்திசையில்தான் தெளிவாகியிருக்கிறது.

போர்ட் வேகத்தையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 8 ஜி வரை 8பி/10பி குறியீட்டு முறை, 16 ஜி-யிலிருந்து 64பி/66பி. அதனால் பழைய கட்டுரைகளில் 'என்க் அவுட்' பத்தியைப் பார்த்துக் கேபிளைச் சந்தேகப்படுங்கள் என்று படித்திருந்தால், அது 8 ஜி காலத்து அறிவுரை. புதிய வேகங்களில் 'பிசிஎஸ் எர்', 'அன்கார் எர்' பத்திகளைப் பார்க்க வேண்டும்.

ஒளியின் அளவை 'எஸ்எஃப்பிஷோ' காட்டும். டிபிஎம் என்ற அலகில், பெரும்பாலும் கழித்தல் எண்ணாக வரும். 3 டிபி குறைந்தால் வெளிச்சம் பாதியாகிவிட்டது என்று பொருள். எத்தனைக்குக் கீழே போனால் கெட்டது என்பது எஸ்எஃப்பி வகையைப் பொறுத்து மாறும் என்பதால் ஒரே எண்ணைச் சொல்ல மாட்டேன். எல்லாம் நன்றாக இருக்கும் ஒரு நாளில் எல்லாப் போர்ட்டுகளின் ஒளி அளவையும் எடுத்துத் தேதியோடு வைத்துவிடுங்கள். பிறகு எந்தப் போர்ட் அதிலிருந்து இறங்குகிறது என்று பார்த்தால் போதும். இதிலும் ஒரு வரம்பு இருக்கிறது: இங்கே வாங்கும் ஒளி குறைந்திருந்தால் காரணம் எதிர்முனை எஸ்எஃப்பியா, கேபிளா, நடுவே பேட்ச் பேனலில் ஒட்டிய தூசியா என்று 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து யாராலும் சொல்ல முடியாது. எதிர்முனை அனுப்பும் அளவு சரியாக இருந்தால் எஸ்எஃப்பியை ஒதுக்கிவிடலாம், அவ்வளவுதான். மீதியை அங்கிருப்பவர் கையால் செய்ய வேண்டும்: முதலில் முனைகளைத் துடைப்பது, பிறகு கேபிளை மாற்றுவது, அதன்பின் எஸ்எஃப்பி. மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் கோளாறு போய்விடும், காரணம் தெரியாமலே போய்விடும்.

பிழையே இல்லாமல் எல்லோரும் மெதுவாகிப்போகும் நோய் ஒன்று இருக்கிறது. சான் உலகில் என்னை அதிகம் அலைக்கழித்தது இதுதான். ஃபைபர் சேனலில் எதிரில் இருப்பவர் 'இடம் இருக்கிறது, அனுப்பு' என்று க்ரெடிட் கொடுத்தால்தான் ஒரு ஃபிரேம் போகும். ஒரு சர்வர் திணறிக்கொண்டு க்ரெடிட்டைத் தாமதமாகத் திருப்பினால், அதற்குப் போக வேண்டிய ஃபிரேம்கள் ஸ்விட்சில் தேங்கும். தேக்கம் பின்னால் பரவி ஸ்டோரேஜ் போர்ட் வரை போகும். அதே ஸ்டோரேஜ் போர்ட்டைப் பயன்படுத்தும் மற்ற சர்வர்களும் நின்றுவிடும். சுங்கச்சாவடியில் ஃபாஸ்டேக்கில் பணமில்லாத ஒரு வண்டி நின்றால் பின்னால் இருக்கும் எல்லா வண்டியும் நிற்பதுபோலத்தான். புகார் சொல்வது பின்னால் நிற்பவர்கள். காரணமான சர்வரின் சொந்தக்காரர் வாய் திறக்க மாட்டார், ஏனென்றால் அது எப்போதுமே மெதுவான மெஷின்.

இதைக் கண்டுபிடிக்க 'போர்ட்ஸ்டேட்ஸ்ஷோ' காட்டும் 'டிம் டிஎக்ஸ்சிஆர்டி இசட்' என்ற எண்ணியைப் பாருங்கள். அனுப்ப ஃபிரேம் இருந்தும் க்ரெடிட் இல்லாமல் போர்ட் காத்திருந்த நேரம் அது, 2.5 மைக்ரோவினாடிக்கு ஒன்றாக ஏறும். ஐந்து நிமிடம் முழுக்கக் காத்திருந்தால் 12 கோடி ஏறும். ஆகவே ஐந்து நிமிடத்தில் 1 கோடியே 20 லட்சம் ஏறியிருந்தால் அந்தப் போர்ட் பத்தில் ஒரு பங்கு நேரம் சும்மா நின்றிருக்கிறது என்று கணக்குப் போடலாம். எண் பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம், எந்தப் பரபரப்பான போர்ட்டிலும் கொஞ்சம் ஏறும். மற்ற சர்வர் போர்ட்டுகளோடு ஒப்பிட்டு, ஒன்று மட்டும் பல மடங்கு ஏறினால் அதில் செருகியிருக்கும் சர்வர்தான் ஆள். ஃபிரேம் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தேங்கினால் ஸ்விட்ச் அதைத் தூக்கிப் போட்டுவிடும். அது 'சி3டைம்அவுட் டிஎக்ஸ்' பத்தியில் தெரியும். அந்தப் பத்தி ஏறினால் காத்திருக்காதீர்கள், அந்தச் சர்வரைப் பார்த்தே ஆக வேண்டும். எத்தனை சதவீதம் வரை தாங்கும் என்று கேட்டால், அது உங்கள் அப்ளிகேஷனைப் பொறுத்தது. பேக்கப் சர்வருக்கு ஒன்றுமில்லாத தாமதம் டேட்டாபேஸைப் படுக்க வைத்துவிடும்.

இவற்றை யார் உட்கார்ந்து தினமும் பார்ப்பது? ப்ரோகேடிலேயே மேப்ஸ் என்ற கண்காணிப்பு வசதி இருக்கிறது. அடிப்படைப் பாலிசி லைசென்ஸ் இல்லாமலே ஓடும். லைசென்ஸ் இருந்தால் கன்சர்வேட்டிவ், மாடரேட், அக்ரெசிவ் என்று மூன்று தயார் பாலிசிகள் கிடைக்கும். வரம்பு மீறினால் லாகில் எழுதுவது, எஸ்என்எம்பி ட்ராப் (ஸ்விட்ச் தானாக அனுப்பும் எச்சரிக்கை), ஈமெயில் எல்லாம் வைத்துக்கொள்ளுங்கள். 'ஃபென்ஸ்' என்ற நடவடிக்கையை மட்டும் ஆரம்பத்தில் இயக்காதீர்கள். அது பிழை அதிகமான போர்ட்டைத் தானாக மூடிவிடும். பாதைகளை இன்னும் எண்ணிச் சரிபார்க்காத உங்கள் நிலையில், ஒற்றைப் பாதையில் நிற்கும் சர்வரின் போர்ட்டை ஸ்விட்ச் தானே மூடினால் போன மாதக் கதை திரும்பும். ட்ராப்பை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். வழியில் தொலைந்தால் யாருக்கும் தெரியாது, பவர் போன ஸ்விட்ச் ட்ராப் அனுப்பாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நாமாகப் போய்க் கேட்பதும் வேண்டும். அதைவிட அடிக்கடி கேட்டு அந்தச் சின்ன பிராசசரை வதைக்க வேண்டாம்.

லாக்கை வெளியே ஒரு சிஸ்லாக் சர்வருக்கு அனுப்புங்கள், நேரத்தை என்டிபியோடு (கடிகாரங்களை ஒத்திசைக்கும் நெறிமுறை) இணையுங்கள். ஸ்விட்ச், ஸ்டோரேஜ், சர்வர் மூன்றும் ஒரே கடிகாரத்தில் இல்லையென்றால் எது முதலில் விழுந்தது என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது. இந்தியாவில் இது விருப்பம் சார்ந்ததும் இல்லை. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் வெளியிட்ட உத்தரவு, ஐசிடி (கணினி, தகவல்தொடர்பு) அமைப்புகளின் லாக்கை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்கச் சொல்கிறது. நேரத்தை அரசு அமைப்புகளான என்ஐசி அல்லது என்பிஎல் சர்வர்களோடோ அவற்றைப் பின்பற்றும் சர்வர்களோடோ ஒத்திசைக்கச் சொல்கிறது.

தொலைவிலிருந்து மாற்றங்கள் செய்வதில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு: இரண்டு ஃபேப்ரிக்கையும் ஒரே நாளில் தொடக்கூடாது. ஜோனிங் மாற்றமோ ஃபர்ம்வேரோ, முதல் நாள் ஏ பக்கம் செய்து, எல்லா சர்வரிலும் பாதை எண்ணிக்கை திரும்பி வந்ததைப் பார்த்து, அப்புறம்தான் பி. ஜோனிங்கைத் தொடும் முன்பு 'கான்ஃபிக்அப்லோட்' மூலம் முழு அமைப்பையும் வெளியே எடுத்து வையுங்கள். 'சிஎஃப்ஜிட்ரான்ஸ்ஷோ' போட்டு வேறு யாராவது பாதியில் விட்ட மாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். சேமிப்பதற்கு 'சிஎஃப்ஜிசேவ்', நடைமுறைக்குக் கொண்டுவர 'சிஎஃப்ஜிஎனேபிள்'. ஒரு போர்ட்டை 'போர்ட்டிசேபிள்' செய்தால் ஸ்விட்ச் ரீபூட் ஆனதும் அது மறுபடி எழுந்துவிடும். நிரந்தரமாக மூடி வைக்க வேண்டுமானால் 'பெர்சிஸ்டென்ட்' என்று பெயரில் உள்ள கட்டளை தனியாக இருக்கிறது.

ஸ்விட்சின் மேனேஜ்மென்ட் பக்கம் உண்மையிலேயே உறைந்து, கன்சோல் வழியாக நுழைய முடிந்தால், 'ரீபூட்' அடிக்காதீர்கள். உங்களுடையது போன்ற சின்ன ஸ்விட்சுகளில் அது டேட்டாவையும் நிறுத்தும். 'ஹெச்ஏரீபூட்' என்றால் ஓஎஸ் மட்டும் எழுந்து வரும், டேட்டா ஓடிக்கொண்டிருக்கும். எதைச் செய்வதற்கு முன்பும் 'சப்போர்ட்சேவ்' எடுத்து வெளியே ஒரு சர்வருக்கு அனுப்பிவிடுங்கள். ரீபூட்டுக்குப் பின் எண்ணிகள் பூஜ்ஜியமாகிவிட்டால் காரணம் தேட ஒன்றும் மிஞ்சாது. ஃபர்ம்வேர் ஏற்றும்போதும் இதேதான் நடக்கும்: நடுவில் எஸ்எஸ்ஹெச் அறுந்துபோகும், பிங் போகாது. அது கோளாறு இல்லை, அப்படித்தான் நடக்கும். புதிய ஓஎஸ் எழுந்த பிறகு மறுபடி நுழைந்து 'ஃபர்ம்வேர்டவுன்லோட்ஸ்டேட்டஸ்' பாருங்கள். அந்த இடைவெளியில் பதறி யாரையாவது பவரை அணைக்கச் சொல்வதுதான் இந்த வேலையிலேயே மோசமான முடிவு.

அங்கிருக்கும் ஊழியர் கையால் ஒரு எஸ்எஃப்பியை மாற்ற வேண்டி வந்தால், 'பதினேழாவது போர்ட்' என்று ஃபோனில் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். போர்ட் எண் பூஜ்ஜியத்தில் ஆரம்பிக்கும், அவர் ஒன்றிலிருந்து எண்ணுவார். முதலில் அந்தச் சர்வருக்கு இன்னொரு பாதை உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு இங்கிருந்தே போர்ட்டை மூடுங்கள். 'சேசிஸ்பீக்கன்' போட்டு எந்த ஸ்விட்ச் என்று விளக்கு மின்ன வையுங்கள். மின்னும் ஸ்விட்சில், பச்சை விளக்கு எரியாத அந்த போர்ட்டை ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் ஃபோட்டோவைப் பார்த்துச் சரி என்ற பிறகு அவர் கை வைக்கட்டும்.

இதுவரை சொன்ன கட்டளைகள் ப்ரோகேடுக்கு. சிஸ்கோ எம்டிஎஸ் வைத்திருப்பவர்களுக்குக் கட்டளை மாறும், யோசனை மாறாது. ஐஸ்கஸி (சாதாரண ஈத்தர்நெட்டில் ஓடும் சான்) என்றால் கதை கொஞ்சம் வேறு. அங்கே க்ரெடிட் கிடையாது. எம்டியூ (ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு) 9000 எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பதுதான் முதல் சோதனை. துண்டாக்கக்கூடாது என்ற குறியோடு 8972 பைட் பிங் போய்த் திரும்பினால் சரி.

கடைசியாக, எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்? இரண்டு ஸ்விட்சுக்குக் காசு கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஸ்விட்சோடு வரும் வெப் டூல்ஸ் கண்ணால் பார்க்கப் போதும். ஃபேப்ரிக் ஓஎஸ் 9.0 முதல் அதற்கு ஜாவாவும் தேவையில்லை. ஜாபிக்ஸ் அல்லது லிப்ரெஎன்எம்எஸ் இலவசம், எஸ்என்எம்பி வழியாகப் பெரும்பாலான எண்கள் வரும். அதில் வராததை எஸ்எஸ்ஹெச் வழியாகவோ, ஃபேப்ரிக் ஓஎஸ் 8.2 முதல் இருக்கும் ரெஸ்ட் ஏபிஐ வழியாகவோ ஒரு சின்ன பைதான் ஸ்கிரிப்ட் எடுத்துவிடும். ப்ரோகேடின் சான்நவ் நல்ல கருவிதான், ஸ்விட்சுகள் பெருகி ஐஎஸ்எல்கள் பின்னிப் போகும்போது அதன் விலைக்கு அர்த்தம் இருக்கும். இப்போது ஒதுக்கிய பணத்தில் முதலில் ஒரு கன்சோல் சர்வரும் சிம்மும் வாங்குங்கள், அதே வகை எஸ்எஃப்பி இரண்டும் கேபிள் இரண்டும் வாங்கி ரேக்கிலேயே லேபிள் ஒட்டி வைத்துவிடுங்கள். பாதை எண்ணிக்கையை எடுத்த பிறகு, 'போர்ட்எர்ஷோ' வெளியீட்டை ஒரு நாள் இடைவெளியில் இரண்டு தடவை இங்கே போடுங்கள். டபிள்யூடபிள்யூஎன்களையும் (ஃபைபர் சேனல் முகவரிகள்) ஐபிகளையும் மறைத்துவிட்டுப் போட்டால் போதும், எந்தப் போர்ட்டை முதலில் கவனிக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.